பந்து கையில் இல்லாத பதினொரு பேர்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்தபின் கிளப் ஹவுஸில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காகப் பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் சார் என்னைப் பேசக் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மழைநீர் சேகரிப்பு, லிஃப்ட் பராமரிப்பு, நாய்த் தொல்லை, இந்த மூன்றையும் தவிர எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்றார். அதனால் கொஞ்சம் தூரமாகவே போய்விட்டேன். இன்றைக்கு அமெரிக்கக் கால்பந்து. அதிலும் பாதிதான், டிஃபென்ஸ் என்கிற தடுப்பாட்டம் மட்டும்.

சிரிக்காதீர்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள்? கையைத் தூக்கச் சொன்னால் பாதி ஹால் தூக்கும். பிப்ரவரி இரண்டாவது ஞாயிறு அங்கே சூப்பர் பவுல். நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை 5 மணி. அந்த நேரத்தில் போன் செய்து பாருங்கள், ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஆறு மாத விசாவில் போய் மாப்பிள்ளையோடும் பேரனோடும் சோபாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் வேதனை புரியும். நாலு விநாடி ஓடுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், பிறகு நின்று பேசுகிறார்கள். மறுபடி விழுகிறார்கள். என்ன நடக்கிறது என்று கேட்டால் பேரன் குவார்ட்டர்பேக்கைக் காட்டுகிறான். பந்தை எறிகிறவர் அவர்தான். எல்லோரும் அவரைத்தான் பார்க்கிறார்கள். எதிரே நிற்கும் பதினொரு பேரைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு ஆட்டமே பிடிபட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

விதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மைதானம் 100 கெஜம் நீளம், இரண்டு முனையிலும் 10 கெஜம் கூடுதலாக ஒரு கட்டம். எதிரியின் முனைக் கட்டத்துக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி நாலு வாய்ப்பு கிடைக்கும். 10 கெஜம் என்றால் நம் பேஸ்மென்ட்டில் நாலு கார் ஒட்டி நிற்கும் அகலம், அவ்வளவுதான். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிர் அணிக்கு. பெரும்பாலும் நாலாவது வாய்ப்பில் முயற்சியே செய்யாமல் பந்தைத் தூரமாக உதைத்து ஒப்படைத்துவிடுவார்கள்.

ஆக, தடுப்பவர்களின் வேலை கணக்கில் எளிது. மூன்று முறை நிறுத்தினால் போதும். கபடி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு ரெய்டு, ஒரு பிடி, மூச்சு வாங்க ஒரு நொடி, அடுத்த ரெய்டு. கார்னர் என்ற பெயர்கூட இரண்டு ஆட்டத்திலும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே தாக்குவதற்கு ஒரு பதினொரு பேர், தடுப்பதற்கு வேறு பதினொரு பேர். ஒரே அணிக்குள் இரண்டு அணிகள். குவார்ட்டர்பேக் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எதிரணி கையில் பந்து போய்விட்டால் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இப்போது ஒரு மனிதரின் கதை. பெய்ட்டன் மேனிங். குவார்ட்டர்பேக்குகளில் மிகப் பெரிய மூளைக்காரர் என்று பெயர் வாங்கியவர். 2013 சீசனில் டென்வர் பிராங்கோஸ் அணிக்காக 55 டச்டவுன் எறிந்தார். அது லீக் சாதனை. 16 ஆட்டத்தில் அந்த அணி எடுத்தது 606 புள்ளிகள். அதற்கு முன் எந்த அணியும் 600ஐத் தொட்டதில்லை. சராசரி போட்டால் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 38 வருகிறது.

2014 பிப்ரவரி 2, நியூ ஜெர்சியில் இறுதி ஆட்டம். எதிரே சியாட்டில் சீஹாக்ஸ். அந்த வருஷம் லீக்கிலேயே மிகக் குறைவான புள்ளி கொடுத்தவர்களும், மிகக் குறைவான கெஜம் கொடுத்தவர்களும், எதிரியிடமிருந்து அதிகமுறை பந்தைப் பறித்தவர்களும் அவர்கள்தான். முதல் பந்தே மேனிங்கின் தலைக்கு மேல் போய் அவர்களுடைய சொந்தக் கட்டத்துக்குள் விழுந்தது. 12 விநாடியில் சியாட்டிலுக்கு 2 புள்ளி. அரங்க இரைச்சலில் மேனிங் சொன்னது பந்தைப் பின்னால் தள்ளுகிறவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரஸ்யம். மேனிங் அன்றைக்கு 34 முறை பந்தைத் தன் ஆளிடம் சேர்த்தார். அதுவரை சூப்பர் பவுலில் யாரும் அத்தனை முறை சேர்த்ததில்லை. ஆனாலும் அவர் அணி எடுத்தது 8 புள்ளி. எப்படி? சியாட்டில் பின்வரிசை சின்னச் சின்ன எறிகளை விட்டுக் கொடுத்தது. பிடித்துக்கொள், ஆனால் பிடித்த இடத்திலேயே விழு என்பதுதான் திட்டம். கேம் சான்ஸலர், ஏர்ல் தாமஸ், ரிச்சர்ட் ஷெர்மன் என்று ஒரு கூட்டம். பந்து கைக்கு வந்த அதே கணத்தில் ஆள் மீது ஒரு இடி. பொறுமையிழந்து நீளமாக எறியப் பார்த்தால் பறிப்பு. மால்கம் ஸ்மித் என்ற லைன்பேக்கர் ஒரு எறியைப் பறித்துக்கொண்டு 69 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். ஆட்ட நாயகனும் அவரே. ஸ்கோர் 36–0 வரை போய், கடைசியில் 43–8 என்று முடிந்தது.

இனி கதையின் இரண்டாம் பாதி. 2015 சீசன், அதே மேனிங், அதே டென்வர். வயது 39. கை பழைய கை இல்லை. சீசனில் 9 டச்டவுன்தான், எதிரியிடம் கொடுத்தது 17. நடுவில் காயம், உட்கார வைத்தார்கள், வேறு பையன் ஆடினான். அந்த அணிதான் 2016 பிப்ரவரி 7 அன்று 50ஆவது சூப்பர் பவுலை வென்றது. எதிரே கரோலைனா பேந்தர்ஸ். அந்த சீசனில் 16 ஆட்டத்தில் 15 ஜெயித்து, 500 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்த அணி. அவர்கள் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன்தான் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். முடிவு 24–10.

டென்வரின் தாக்குதல் அன்று மொத்தமாக முன்னேறியது 194 கெஜம். சூப்பர் பவுல் ஜெயித்த அணிகளிலேயே அதுதான் மிகக் குறைவு. அப்படியென்றால் புள்ளி எங்கிருந்து வந்தது? வான் மில்லர் என்ற லைன்பேக்கர் இரண்டு முறை நியூட்டன் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். முதல் முறை அது கட்டத்துக்குள்ளேயே உருண்டது, டென்வர் வீரர் விழுந்து பிடித்தார், டச்டவுன். இரண்டாவது முறை கட்டத்துக்கு 4 கெஜம் முன்னால் டென்வருக்குக் கிடைத்தது. நாலு கெஜத்தை வயதான குவார்ட்டர்பேக்காலும் கடந்துவிட முடியும். ஆட்ட நாயகன் விருது மில்லருக்கு. அடுத்த மாதமே மேனிங் ஓய்வு பெற்றார், கோப்பையோடு.

தன் வாழ்வின் மிகச் சிறந்த சீசனில் அவர் இறுதி ஆட்டத்தில் 43–8 தோற்றார். மிக மோசமான சீசனில் ஜெயித்தார். இரண்டுக்கும் காரணம் அவர் மைதானத்தில் இல்லாத நேரத்தில் நடந்தவை, அல்லது அவர் எதிரே நின்றவர்கள் செய்தவை. தடுப்பாட்டம் முக்கியம் என்று சொல்ல எனக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

சரி, தடுப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? முன்வரிசையில் நாலு பேரோ மூன்று பேரோ. பலர் 130 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர்கள், ஓடுகிறவனையும் பார்க்க வேண்டும், எறியையும் பார்க்க வேண்டும். கடைசியில் கார்னர், சேஃப்டி என்கிற காவல்காரர்கள். குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி எறிய எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக மூன்று விநாடிக்கும் குறைவு. முழு ஆட்டமும் அந்த மூன்று விநாடிக்குத்தான். முன்வரிசை அதை இரண்டரையாகக் குறைத்தால் பின்வரிசைக்கு வேலை குறையும். பின்வரிசை ஆட்களை மறித்து வைத்தால் குவார்ட்டர்பேக் தயங்குவார், முன்வரிசை போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படி அவரை எறிவதற்கு முன்பே வீழ்த்துவதற்கு சாக் என்று பெயர். நம் சாக்கு மூட்டையில் இருக்கிற அதே சாக்குதான். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ் 1960களில் அந்த வார்த்தையைப் பரப்பினார். எதிர் வரிசைக்காரர்களையெல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியிலிருந்து அடிப்பது போல என்று விளக்கம் வேறு கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், லீக் அதைத் தனிநபர் கணக்கில் அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது 1982இல்தான். ஜோன்ஸ் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். தடுப்பவர்களின் வேலையைக் கணக்கில் வைக்கவே அவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

விருதிலும் இதே கதைதான். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் என்ற ஏபி விருதைத் தடுப்பாட்டக்காரர்களில் பெற்றவர்கள் இரண்டே பேர். 1986இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர். 1971இல் மினசோட்டா வைக்கிங்ஸின் ஆலன் பேஜ். இந்தப் பேஜ் ஆடிக்கொண்டே சட்டம் படித்து, 1993 முதல் 2015 வரை மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். நம் வக்கீல் சார் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார் என்று குறித்து வைத்தேன்.

தடுப்பாட்டத்தில் எது தலைசிறந்த அணி என்று அங்கே கேட்டால் சண்டை வரும். ஒரு கட்சி 1985இன் சிகாகோ பேர்ஸ் என்னும். பட்டி ரயன் என்ற பயிற்சியாளர் வகுத்த 46 என்ற வியூகம். எட்டுப் பேரை முன்னால் குவித்து, எங்கிருந்து யார் வருவார் என்று தெரியாமல் பாய்வது. டக் பிளாங்க் என்ற வீரரின் சட்டை எண்ணிலிருந்து வந்த பெயர் அது. அவர் அணியை விட்டுப் போன பிறகும் பெயர் நின்றது. அந்த அணி பிளே-ஆஃபில் 21–0, 24–0 என்று ஜெயித்து, இறுதியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46–10 என்று நசுக்கியது. பேட்ரியட்ஸ் அன்று முழுக்க ஓடிச் சேர்த்தது 7 கெஜம். முடிந்ததும் வீரர்கள் தலைமைப் பயிற்சியாளர் மைக் டிட்காவைத் தோளில் தூக்கினார்கள். கூடவே தடுப்புப் பயிற்சியாளர் ரயனையும் தூக்கினார்கள்.

இன்னொரு கட்சி 2000இன் பால்டிமோர் ரேவன்ஸ் என்னும். என் ஓட்டு அவர்களுக்கு. காரணம், பேர்ஸிடம் நல்ல தாக்குதலும் இருந்தது, ரேவன்ஸிடம் அது இல்லை. அந்த சீசனில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் அவர்கள் ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. அந்த ஐந்தில் இரண்டை ஜெயித்தார்கள், 12–0, 15–10 என்று, முழுக்க உதைத்தே! 16 ஆட்டத்தில் அவர்கள் கொடுத்தது 165 புள்ளி மட்டுமே. 16 ஆட்ட சீசனில் அதுதான் சாதனை. இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸை 34–7 என்று வென்றார்கள். அந்த 7ம் உதைத்த பந்தை வாங்கி ஓடி எடுத்தது. தடுப்பாட்டம் கொடுத்தது பூஜ்யம். ரே லூயிஸ் என்ற லைன்பேக்கர் ஆட்ட நாயகன். கோப்பை வென்ற குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபருக்கு அணி அடுத்த வருஷ ஒப்பந்தமே தரவில்லை. இது நியாயமா என்று பேரனிடம் கேளுங்கள், அரை மணி நேரம் பேசுவான்.

தாக்குதல் டிக்கெட் விற்கும், தடுப்பாட்டம் கோப்பை வாங்கித் தரும் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அதை நான் முழுசாக ஏற்கவில்லை. 1976இன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸைப் பாருங்கள். கடைசி ஒன்பது ஆட்டத்தில் மொத்தம் 28 புள்ளி கொடுத்தார்கள், அதில் ஐந்து ஆட்டத்தில் ஒன்றுமே கொடுக்கவில்லை. ஆனால் பந்தோடு ஓடும் முக்கியமான இருவரும் காயம்பட்டதும் அரையிறுதியில் ஓக்லண்டிடம் 24–7 என்று விழுந்தார்கள். ஒரு கையால் எவ்வளவு நேரம் கதவைத் தள்ளிப் பிடிப்பது?

அவர்களுடைய தடுப்பாட்டம் அத்தனை பயங்கரமாக இருந்ததால் 1978இல் விதியையே மாற்றினார்கள். பந்து பிடிக்க ஓடுகிறவரை 5 கெஜத்துக்கு அப்பால் தள்ளக் கூடாது என்றார்கள். ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் பெயரால்தான் அந்த விதியை இன்றும் சொல்கிறார்கள். குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்கள் கையை நீட்டித் தள்ளலாம் என்றும் அனுமதித்தார்கள். அன்றிலிருந்து விதி மாற்றங்கள் பெரும்பாலும் எறிகிறவர் பக்கமே சாய்ந்திருக்கின்றன. புள்ளி ஏறினால்தானே டிவி பார்க்கிறவர்கள் எழுந்து போக மாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் தடுப்பாட்டம் செல்லுபடியாகிறதா என்றால், இரண்டு ஆட்டம் சொல்கிறேன், இரண்டும் பிலடெல்ஃபியா ஈகிள்ஸுடையது. 2018 சூப்பர் பவுலில் டாம் பிரேடி அவர்களுக்கு எதிராக 505 கெஜம் எறிந்தார். அதைத் தடுப்பாட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேல் மிச்சமிருந்தபோது, 38–33 என்ற நிலையில், பிராண்டன் கிரஹாம் பிரேடி கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார். முடிவு 41–33. அன்று முழுக்க அவர்கள் பிரேடியை வீழ்த்தியது அந்த ஒரு முறைதான்.

2025இல் நேர் எதிர். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் தொடர்ந்து மூன்றாவது கோப்பைக்காக வந்திருந்தது. பேட்ரிக் மஹோம்ஸைப் பிடிக்க ஐந்தாவது, ஆறாவது ஆளை அனுப்புவதற்கு பிளிட்ஸ் என்று பெயர். ஈகிள்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ ஒரு முறைகூட அதைச் செய்யவில்லை. நாலே பேர் பாய்ந்தார்கள், ஏழு பேர் பின்னால் காத்தார்கள். நாலு பேராலேயே மஹோம்ஸ் ஆறு முறை விழுந்தார். இடைவேளையில் 24–0, முடிவில் 40–22.

பணக் கணக்கும் இதில் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1994 முதல் எல்லா அணிக்கும் சம்பளத்துக்கு ஒரே உச்சவரம்பு. நம் பராமரிப்பு நிதி மாதிரிதான், ஓரிடத்தில் கூட்டினால் இன்னோரிடத்தில் வெட்ட வேண்டும். சியாட்டிலின் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் மூன்றாம் சுற்றில் எடுத்த பையன், ஆரம்பச் சம்பளம் சொற்பம். ஷெர்மனும் சான்ஸலரும் ஐந்தாம் சுற்றில் கிடைத்தவர்கள். மிச்சமான பணத்தில் தடுப்பாட்டத்தைக் கட்டினார்கள். பிறகு எல்லோருக்கும் சம்பளம் ஏறியது, சில வருஷத்தில் அந்தக் கூட்டம் கலைந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் பேசியவன் ஆவேன். நான் ரசித்துச் சொன்ன அந்த இடிகள் மனித உடம்பின் மீது விழுந்தவை. 1985 பேர்ஸ் அணியின் சேஃப்டி டேவ் டியூர்சன் 2011இல், 50 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். தன் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார். தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியால் மூளை சிதையும் நோய் அவருக்கு இருந்ததை மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். பழைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டு, 2015இல் இழப்பீட்டுத் திட்டத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. தலையைக் குனிந்து ஹெல்மெட்டால் முட்டுவதற்கு இப்போது தண்டனை உண்டு. இந்த விதிகளால் தடுப்பாட்டம் பலவீனமாகிவிட்டது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. பொறுமையாலும் கணிப்பாலும் ஜெயிக்க முடியும் என்பதை ஃபாஞ்சியோ காட்டிவிட்டார்.

2023 ஜனவரி 2 அன்று பஃபலோ பில்ஸ் அணியின் சேஃப்டி டமார் ஹாம்லின் ஒருவரை மறித்து வீழ்த்தி எழுந்தார், அடுத்த கணம் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்அதிர்வுக் கருவி வைத்து மீட்டார்கள். அடுத்த சீசனில் அவர் மறுபடி ஆடினார். நம் குடியிருப்பில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர், நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? செக்யூரிட்டி தம்பிகளுக்கும் சேர்த்துப் பயிற்சி வைக்கலாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

கடைசியாக ஒரு காட்சி. 2015 பிப்ரவரி 1. அதே சியாட்டில், பேட்ரியட்ஸுக்கு எதிராக 28–24 பின்தங்கியிருக்கிறது. கட்டத்துக்கு 1 கெஜம்தான். அரை நிமிஷம்கூட மிச்சமில்லை. வில்சன் எறிகிறார். மால்கம் பட்லர் என்ற இளைஞர் குறுக்கே பாய்ந்து பறித்துவிடுகிறார். எந்த அணியும் தேர்வுச் சுற்றில் எடுக்காத பையன், கல்லூரிக் காலத்தில் பொரித்த கோழி விற்கும் கடையில் வேலை பார்த்தவர். அந்த வாரப் பயிற்சியில் இதே ஆட்டத்தை அவருக்கு எதிராக ஆடிக் காட்டியிருந்தார்கள், அங்கே அவர் தாமதமாகப் போய்த் தோற்றிருந்தார். அன்று இரண்டு பேர் ஒன்றின்பின் ஒன்றாக நின்ற விதத்தைப் பார்த்ததுமே வரப்போவது தெரிந்துவிட்டது.

அடுத்த சீசன் செப்டம்பரில் தொடங்கும். அங்கே போகிறவர்கள் முதல் பத்து நிமிஷம் பந்தைப் பார்க்காதீர்கள். பின்னால் தனியாக நிற்கும் சேஃப்டி இருவரையும் பாருங்கள், முன்னால் வருகிறார்களா பின்னால் போகிறார்களா என்று. பேரனுக்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடலாம், இந்த முறை எறியப் போகிறான் என்று.

கேள்வி இருந்தால் கேளுங்கள். காபி வந்துவிட்டது போலிருக்கிறது.